வானத்தின் எல்லையும் அயலவர் கடமையும்

நிலத்தை அளந்து எல்லைக்கல் நாட்டலாம். கடலிலும் கரையிலிருந்து இவ்வளவு தூரம் எமது என்று வரையறுத்துக்கொள்ளலாம். வானத்துக்கு எல்லையிடுவது எங்ஙனம் என்று வினவுவோர் உளர். ஆயினும், உலகின் வானம் முழுவதும் இன்று பிரதேசம் பிரதேசமாகப் பிரிக்கப்பட்டே இருக்கிறது. மனிதர் குடியிராத பெருங்கடல்களின் மேலுள்ள வானமும் இதற்கு விலக்கன்று. ஒவ்வொரு பிரதேசமும் ஒரு நாட்டின் பொறுப்பில் விடப்பட்டுள்ளது. அதனூடாகச் செல்லும் விமானங்களுக்கு வழிகாட்டுவதும், அவற்றுள் ஒன்று இடருற்றால் அதனைத் தேடிச் சென்று உயிர்களை மீட்க முயல்வதும் அந்நாட்டின் கடனாகும்.

இலங்கையைச் சுற்றி எங்கும் கடலே உள்ளது. நிலத்தால் அதனைத் தொட்டு நிற்கும் அயல்நாடு ஒன்றேனும் இல்லை. வானத்திலோ நிலைமை வேறு. கொழும்பின் பொறுப்பிலுள்ள வான்பிரதேசம் இத்தீவின் நிலப்பரப்பைப் போலப் பல மடங்கு பெரியது. இந்து சமுத்திரத்தின் மேல் நெடுந்தூரம் விரிந்து செல்வது. சென்னையின் பிரதேசம் ஒரு புறத்திலும், மாலைதீவின் பிரதேசம் மற்றொரு புறத்திலும், அவுஸ்திரேலியாவின் மெல்பேண் பிரதேசம் தென்கிழக்கிலும் அதனைத் தொட்டு நிற்கின்றன. தேசப்படத்தில் மிகத் தொலைவிலுள்ள அவுஸ்திரேலியா, வானப்படத்தில் இலங்கையின் அயல்வீடாகும்.

இக்கோடுகள் உடைமையைக் காட்டுவன அல்ல, கடமையைக் காட்டுவன. ஒரு கோட்டின் இருபுறத்தும் உள்ள நாடுகள் தம்முள் முன்னரே பேசி ஒழுங்கு செய்திருந்தால், ஆபத்து வந்த வேளையில் இரண்டும் ஒருங்கே எழுந்து செயலாற்றும். அவ்வொழுங்கு இல்லாதவிடத்தும், ஏட்டளவில் மட்டும் நின்றவிடத்தும், விலைமதிப்பற்ற நாழிகைகள் வீணாகும். கடந்த நூற்றாண்டிலும் இந்நூற்றாண்டிலும் ஆசியாவின் தென்பாகத்தில் நிகழ்ந்த சில சம்பவங்கள் இதனைத் தெளிவுறக் காட்டுகின்றன.

1935ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆந் திகதி அதிகாலை வங்காள விரிகுடாவுக்குக் கிழக்கே, அந்தமான் கடலின் மேல், ஒரு சிறிய விமானம் மறைந்து போயிற்று. அதனைச் செலுத்திச் சென்றவர் சேர் சாள்ஸ் கிங்ஸ்போர்ட் சிமித் என்னும் அவுஸ்திரேலிய விமானி. 1928ஆம் ஆண்டிற் பசிபிக் சமுத்திரத்தை விமான மூலம் கடந்து உலகப் புகழ் பெற்றவர் அவர். இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு விரைவிற் செல்லும் முயற்சியில் ஈடுபட்டிருந்த அவரும் துணைவிமானியாகிய பெத்திபிரிட்ஜும், அலகபாத்திலிருந்து புறப்பட்டுச் சிங்கப்பூரை நோக்கிப் பறந்தனர். இரங்கூன் நகரின் மேல் அவர்களுடைய விமானம் சென்றது அறியப்பட்டது. அதே இரவில் அவ்வழியே தனியாகப் பறந்துகொண்டிருந்த மெல்றோஸ் என்னும் இளம் விமானி, தமது விமானத்துக்கு மேலாக அது கடந்து சென்றதைக் கண்டதாகக் கூறினார். அதன் பின்னர் அதனைக் கண்டார் எவரும் இலர்.

பிரித்தானிய விமானப்படை விமானங்கள் தேடின. மெல்றோஸும் தமது பயணத்தை நிறுத்திவிட்டுத் தேடலிற் கலந்துகொண்டார். எவ்விதத் தடயமும் அகப்படவில்லை. ஏறக்குறைய பதினெட்டு மாதங்களின் பின்னர், 1937ஆம் ஆண்டில், பர்மாக் கரையோரத்தில் உள்ள ஏய் என்னும் தீவின் அருகே விமானமொன்றின் சக்கரத் தண்டு மீனவர் கையில் அகப்பட்டது. அது கிங்ஸ்போர்ட் சிமித்தின் விமானத்தினுடையது என அறியப்பட்டது. வேறெதுவும் கிடைத்திலது. உலகப் புகழ் பெற்ற ஒரு விமானியின் முடிவைப்பற்றிய செய்தியைக் கடைசியிற் கொணர்ந்தவர், தேடச் சென்ற விமானப்படையினர் அல்லர். அன்றாடம் வலை வீசி வாழ்ந்த மீனவரே ஆவர்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. அலகபாத், இரங்கூன், சிங்கப்பூர் ஆகிய மூன்றும் அக்காலத்தில் ஒரே முடியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. சீயம் தேசம் நீங்கலாக, அவ்விமானம் செல்லவிருந்த வழி பெரும்பாலும் பிரித்தானியக் கொடியின் கீழேயே இருந்தது. ஆகவே, தேடச் செல்லும் விமானம் எவரிடம் அனுமதி பெறுவது என்ற வினா பெரிதாக எழவில்லை. குறைவாயிருந்தவை கருவிகளும் தகவலுமே. விமானம் எந்த இடத்தில் வீழ்ந்தது என்பதை அறிவிக்கும் சாதனம் அன்று இல்லை. ஒரு விமானம் உரிய வேளையில் வந்து சேராவிடின் யார், எப்பொழுது, எதனைச் செய்யவேண்டும் என்று எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட விதியும் இல்லை.

இரண்டாம் மகாயுத்த காலத்தில், உதவியை எதிர்பார்க்கவே இயலாத விமானப் பயணம் எத்தகையது என்பதை இலங்கையே கண்டது. 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து 1945ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை, காலிக்கு அருகே உள்ள கொக்கலை வாவிக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே கற்றலினா என்னும் நீர்விமானங்கள் சென்று வந்தன. மலாயா, சிங்கப்பூர், பர்மா, அந்தமான் தீவுகள் யாவும் யப்பானியர் கைப்பட்டிருந்தமையால், 5,600 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அவ்வழியை எங்கும் இறங்காமலே கடக்கவேண்டியிருந்தது. ஒரு பயணத்துக்கு ஏறக்குறைய முப்பது மணித்தியாலம் வரை சென்றது. பிரயாணிகள் ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயத்தைக் கண்டமையால் இரட்டைச் சூரியோதயச் சேவை என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. பகைவர் அறிந்துவிடுவர் என்ற அச்சத்தால் வானொலியிற் பேசுவது தவிர்க்கப்பட்டது. நட்சத்திரங்களைப் பார்த்தே விமானிகள் வழி அறிந்தனர். நடுக்கடலில் இயந்திரம் பழுதுற்றால் அவர்களைத் தேடி வருவார் இலர். அவ்விமானங்களுள் ஒன்றேனும் அவ்வழியில் இழக்கப்படாதது விமானிகளின் ஆற்றலையும் நற்பேற்றையும் காட்டுகிறது. ஆனால், நற்பேற்றை நம்பிப் பொதுமக்கள் விமானத்திற் செல்ல இயலாது.

யுத்தம் முடியுமுன்னரே இவ்வுண்மை உலக நாடுகளாற் கருதப்பட்டது. 1944ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிக்காகோ நகரில் ஒரு மகாநாடு கூடியது. அவ்வாண்டு டிசம்பர் 7ஆந் திகதி 52 நாடுகள் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. அவ்வுடன்படிக்கையின் 25ஆம் உறுப்புரை இடருற்ற விமானங்களைப் பற்றியது. தன் நிலப்பரப்பில் இடருற்ற விமானத்துக்கு ஒவ்வொரு நாடும் இயன்ற உதவியை அளிக்கவேண்டும். அவ்விமானத்தின் சொந்தக்காரரும், அது பதிவு செய்யப்பட்ட நாட்டினரும் வந்து உதவுவதற்குத் தன் மேற்பார்வையில் இடந்தர வேண்டும். காணாமற்போன விமானத்தைத் தேடும்போது ஏனைய நாடுகளுடன் ஒத்துழைக்கவேண்டும். இவையே அதன் சாரம்.

இதன் விரிவாக, 1950ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி தேடலும் மீட்பும் பற்றிய பன்னிரண்டாம் இணைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒவ்வொரு நாடும் தனக்குரிய தேடல் மீட்புப் பிரதேசத்தை வகுத்து, அதற்கென மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் ஒன்றை இரவு பகல் எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும் என்னும் முறை இதனால் உருவாயிற்று. உதவி பெறுவோர் எந்த நாட்டினர், எந்த நிலையினர் என்று பாராமல் உதவவேண்டும் என்பதும் இவ்விணைப்பின் விதிகளுள் ஒன்று.

இம்முறை இயங்கும் விதத்தையும் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று. வந்து சேரவேண்டிய விமானத்திலிருந்து வரவேண்டிய செய்தி முப்பது நிமிடம் கடந்தும் வராவிடின் அது ஐயநிலை எனப்படும். விசாரித்தும் செய்தி கிடையாவிடின் எச்சரிக்கை நிலை. மேலும் பல இடங்களில் விசாரித்தும் பயனின்றி, விமானத்தின் எரிபொருளும் முடிந்திருக்கும் என்று கருதப்படுமாயின் இடர்நிலை. இம்மூன்று நிலைகளும் உலகெங்கும் ஒரே பெயரால் அறிவிக்கப்படுகின்றன. ஐயம் தோன்றியவுடனேயே அதனை அறிவித்துவிட வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. பிழையான அறிவிப்பொன்றினால் வரும் சிரமம் சிறிது. அறிவியாதிருப்பதனால் வரும் கேடு பெரிது.

விதிகள் பிறந்த காலமும் புதிய தேசங்கள் பிறந்த காலமும் ஒன்றேயாகும். 1947ஆம் ஆண்டில் இந்தியாவும் பாகிஸ்தானும், 1948ஆம் ஆண்டு தொடக்கத்தில் பர்மாவும் இலங்கையும், 1957ஆம் ஆண்டில் மலாயாவும் சுதந்திரம் பெற்றன. இந்தோனேசியாவின் சுதந்திரத்தை ஒல்லாந்தர் 1949ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டனர். 1965ஆம் ஆண்டிற் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. கிங்ஸ்போர்ட் சிமித் பறந்த வழியில் இப்பொழுது பல தேசக் கொடிகள் பறந்தன. தம் மண்ணையும் வானையும் தாமே காக்கும் உரிமையைப் பெரும்பாடுபட்டுப் பெற்ற நாடுகள், பிறநாட்டு விமானம் தம் எல்லைக்குள் நுழைவதை எச்சரிக்கையோடு நோக்கியது இயல்பே. தேடச் செல்வது பெரும்பாலும் விமானப்படை விமானமாக இருப்பதால் அவ்வச்சம் மேலும் வலுத்தது. ஒரு கட்டளையால் நடந்த காரியம் இனி உடன்பாட்டினால் நடக்கவேண்டியதாயிற்று.

யாழ்ப்பாணத்து வீடுகளைச் சுற்றி உயர்ந்த வேலி இருக்கும். அவ்வேலியில் அயல்வீட்டார் வந்து போவதற்கென்று ஒரு பொட்டும் விடப்பட்டிருப்பதுண்டு. வேலி அவரவர் உரிமையைக் காக்கும். பொட்டு உறவைக் காக்கும். நள்ளிரவில் ஒரு வீட்டில் ஆபத்து நேர்ந்தால் அயலவர் படலையைச் சுற்றி வாராமல் பொட்டினால் ஓடி வருவர். நாடுகளுக்கிடையிலும் இத்தகைய பொட்டு ஒன்று வேண்டும். அதனை விபத்து நேர்ந்த பின்னர் வெட்ட இயலாது.

அதனை முன்னரே வெட்டிவைத்த நாடுகளுக்குச் சிறந்த உதாரணம் தென்கிழக்காசியாவிற் கிடைக்கிறது. 1963ஆம் ஆண்டிலே மலேசியா உருவானபோது இந்தோனேசியா அதனை எதிர்த்து நின்றது. 1966ஆம் ஆண்டு வரை இரு நாடுகளுக்குமிடையே ஆயுத மோதல்கள் நிகழ்ந்தன. சபா மாநிலம் தனக்குரியது எனப் பிலிப்பைன்ஸ் வழக்குரைத்தது. சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து மனக்கசப்போடு பிரிந்தது. இத்தகைய நாடுகள் தாய்லாந்துடன் சேர்ந்து 1967ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8ஆந் திகதி பாங்கொக்கிலே ஆசியான் எனப்படும் சங்கத்தை நிறுவின. சங்கம் நிறுவிவிட்டமையால் மாத்திரம் ஐயங்கள் ஒரே நாளில் அகன்றுவிடா. எல்லாரும் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு காரியத்திலிருந்து தொடங்கவேண்டியிருந்தது.

1972ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆந் திகதி சிங்கப்பூரில், அவ்வைந்து நாடுகளும் ஓர் உடன்படிக்கையைச் செய்தன. இடருற்ற விமானங்களைத் தேடுவதற்கும் விபத்துக்களில் உயிர்தப்பியோரை மீட்பதற்கும் வசதியளிக்கும் உடன்படிக்கை என்பது அதன் பெயர். தேடும் விமானங்களும் ஆட்களும் கருவிகளும் அயல்நாட்டு எல்லைக்குள் விரைவாகச் சென்று உதவ வழிசெய்தலே அதன் நோக்கம். ஆசியானின் தொடக்க காலத்து உடன்படிக்கைகளுள் இஃது ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது. அக்காலத்தில் சிங்கப்பூரின் வெளிநாட்டமைச்சராக விளங்கியவர் யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையிற் பிறந்த சின்னத்தம்பி இராசரத்தினம் ஆவார். 1967ஆம் ஆண்டுப் பாங்கொக் பிரகடனத்திற் சிங்கப்பூரின் சார்பிற் கைச்சாத்திட்டவரும் அவரே. எல்லை வழக்குகளைத் தீர்ப்பதற்கு நெடுங்காலம் செல்லும். கடலில் வீழ்ந்தவன் அதுவரை காத்திருக்க மாட்டான். ஆகையால், வழக்கை ஒருபுறம் வைத்துவிட்டு உயிரைக் காக்கும் வழியை முதலிற் செய்துகொண்டனர்.

இவ்வுடன்படிக்கை கைச்சாத்தாகி மூன்றாண்டு நிறைவதற்குள், அயல்நாட்டு மக்களின் பெருந்துயரம் ஒன்று இலங்கையின் மலைநாட்டிலே நிகழ்ந்தது. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி இரவு, கட்டுநாயக்கா விமான நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த விமானம் ஒன்று மஸ்கெலியாப் பகுதியிலுள்ள சப்தகன்னியர் மலையில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். இலங்கையில் நிகழ்ந்த விமான விபத்துக்களுள் மிகப் பெரியது இதுவே. விமானமோ ஒல்லாந்து நாட்டுக் கம்பனிக்குரியது, அமெரிக்காவிற் கட்டப்பட்டது. பிரயாணிகளோ ஹஜ் கடமையை நிறைவேற்றுவதற்காக இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஜித்தாவுக்குச் சென்றவர்கள். அவர்களுடைய உடல்களைத் தேடி எடுக்கும் துயரமான கடமை இலங்கைக்கு உரியதாயிற்று.

நான்காண்டுகளின் பின்னர், 1978ஆம் ஆண்டு நவம்பர் 15ஆந் திகதி இரவு, ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்கு ஹாஜிகளை ஏற்றிச் சென்ற ஐஸ்லாந்து நாட்டு விமானம் கட்டுநாயக்காவில் இறங்க முயன்றபோது அருகேயுள்ள தோட்டப் பகுதியில் வீழ்ந்தது. அதிலிருந்த 262 பேரில் 183 பேர் இறந்தனர். 79 பேர் உயிர்தப்பினர். தேடலென்பதும் மீட்பென்பதும் ஒன்றல்ல என்பதை இவ்விரு விபத்துக்களும் உணர்த்துகின்றன. முன்னதில் மீட்பதற்கு உயிர் இருக்கவில்லை. பின்னதிலோ விமான நிலையத்துக்கு அண்மையில், பெருந்தொகையானோர் காயங்களோடு உயிரோடிருந்தனர். எவர் எந்த நாட்டினர், என்ன மொழி பேசுவோர் என்று கேட்பதற்கு அங்கே நேரமில்லை. பன்னிரண்டாம் இணைப்பின் விதி அச்சிட்ட வாக்கியமாக மட்டும் நில்லாது, ஒரு தீவின் மண்ணிலே நிறைவேற்றவேண்டிய கடமையாக வந்து நின்றது.

தேடலுக்குக் குறைவாயிருந்த சாதனத்தை அடுத்து வந்த ஆண்டுகள் அளித்தன. அதனை அளித்ததும் பகைநாடுகளின் ஒத்துழைப்பே என்பது வியப்புக்குரியது. 1979ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகள், சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ் ஆகிய நான்கும் ஒன்றுகூடி, இடருற்ற விமானங்களும் கப்பல்களும் விடுக்கும் சமிக்ஞையைச் செய்மதிகள் மூலம் கேட்டறியும் திட்டமொன்றை வகுத்தன. கொஸ்பாஸ் சார்சாட் என்பது அதன் பெயர். முதற் செய்மதியைச் சோவியத் யூனியன் 1982ஆம் ஆண்டு ஜூன் 30ஆந் திகதி விண்ணிற் செலுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலேயே கனடாவின் மலைப்பகுதியில் வீழ்ந்த சிறுவிமானம் ஒன்றிலிருந்த மூவர் அதன் உதவியாற் காப்பாற்றப்பட்டனர். அம்மூவரும் முன்னர் காணாமற்போன வேறொரு விமானத்தைத் தேடிச் சென்றவர்களே. அணுகுண்டுகளை ஒருவர்மேல் ஒருவர் குறிவைத்து நின்ற காலத்திலும், சோவியத் செய்மதி அமெரிக்கக் கண்டத்து மனிதரின் அபயக்குரலைக் கேட்டது.

இத்திட்டத்திற் பின்னர் பல நாடுகள் சேர்ந்தன. இந்தியா பெங்களூரிலும் லக்னோவிலும் தரைநிலையங்களை அமைத்தது. அவை பெறும் அபாய அறிவிப்புக்கள் இந்தியாவுக்கு மட்டுமன்றி இலங்கை, மாலைதீவு, வங்காளதேசம், நேபாளம், பூட்டான் முதலிய நாடுகளுக்கும் பயன்படுகின்றன. ஓர் அயல்நாட்டின் கருவி மற்றோர் அயல்நாட்டின் உயிரைக் காக்க உதவும் ஒழுங்கு இது.

விதிகள் உண்டு, உடன்படிக்கை உண்டு, செய்மதியும் உண்டு; இனி விமானம் காணாமற்போதல் இயலாது என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆந் திகதி வந்தது. மலேசிய விமான சேவையின் எம்எச் 370 என்னும் விமானம் 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நகருக்குப் புறப்பட்டது. அதிகாலை 1.19 மணிக்குக் கோலாலம்பூர்க் கட்டுப்பாட்டு நிலையம், வியட்நாமின் ஹோ சி மின் நகர் நிலையத்தோடு தொடர்பு கொள்ளுமாறு கூறியது. விமானத்திலிருந்து இரவு வணக்கம் கூறும் குரல் வந்தது. இரண்டு நிமிடங்களின் பின்னர் ராடார்த் திரையிலிருந்து அவ்விமானத்தின் குறி மறைந்தது.

மறைந்த இடம் எது என்பதை நோக்குதல் வேண்டும். சிங்கப்பூரின் வான்பிரதேசத்துக்கு உட்பட்டதாயினும், கட்டுப்பாட்டுப் பொறுப்பு மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பகுதி அது; வியட்நாமின் வாயிலும் அதுவே. ஒரு காவலர் கையளித்துவிட்டேன் என்று நினைக்கவும், மற்றவர் இன்னும் வந்துசேரவில்லை என்று காத்திருக்கவும் கூடிய எல்லைப்புறம். இரு நிலையங்களுக்குமிடையே இருந்த ஒழுங்கின்படி, குறித்த நேரம் கடந்து ஐந்து நிமிடத்துக்குள் விமானம் தொடர்பு கொள்ளாவிடின் வியட்நாம் நிலையம் கோலாலம்பூரை விசாரித்திருக்க வேண்டும். அவ்விசாரணை வந்தது 1.39 மணிக்கே. பின்னர் விமானக் கம்பனி, விமானம் கம்போடிய வானிற் செல்வதாகத் தெரிவித்தது. அதுவோ கண்டறிந்த செய்தியன்று. பயணத் திட்டத்தைக் கொண்டு கணித்த நிலையே. விசாரணைகள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் சென்றன. கோலாலம்பூர் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் இயங்கத் தொடங்கியபோது காலை 5.30 மணியாகிவிட்டது.

விமானம் திசை திரும்பி, மலாயத் தீபகற்பத்தை மேற்கு நோக்கிக் கடந்து சென்றதை மலேசிய இராணுவ ராடார் பதிந்திருந்தது. அது காலை 8.19 மணி வரையும் பறந்திருந்தது என்பதை ஒரு செய்மதியின் பதிவுகள் பின்னர் காட்டின. அஃதாவது, மீட்பு நிலையம் எழுந்த பின்னரும் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் அவ்விமானம் வானிலேயே இருந்தது. தேடலோ முதல் நாட்களில் கிழக்கே தென்சீனக் கடலில் நிகழ்ந்தது. தாய்லாந்தின் இராணுவ ராடாரும் அவ்வேளையில் அடையாளம் அறியப்படாத விமானம் ஒன்றைக் கண்டிருந்தது. அச்செய்தி பத்து நாட்களின் பின்னரே வெளிவந்தது. முன்னரே கூறாதது ஏன் என்ற வினாவுக்கு, குறிப்பாக எவரும் கேட்கவில்லை என்பதே விடையாயிற்று. அயலவர் கேட்டபின் சொல்வது மரியாதை. கேளாமலே சொல்வது உறவு. அவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை பத்து நாட்களாக நின்றது.

இதனைக் கூறும்போது, தேடலிற் கலந்த நாடுகளின் பெருமுயற்சியைக் குறைத்துக் கூறலாகாது. 26 நாடுகள் அதில் ஒத்துழைத்தன. தென்சீனக் கடலின் தீவுகளுக்காகத் தம்முள் வழக்காடும் சீனா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா ஆகிய நாடுகளின் கப்பல்கள் அதே கடலில் அருகருகே தேடின. தேடல் தெற்கு இந்து சமுத்திரத்துக்கு மாறிய பின்னர் அவுஸ்திரேலியா பொறுப்பேற்றது. எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் கற்றலினாக்கள் துணையின்றிப் புறப்பட்ட பேர்த் நகரிலிருந்து, இப்போது சீனா, யப்பான், தென்கொரியா, நியூசிலாந்து, மலேசியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் விமானங்கள் அவுஸ்திரேலிய விமானங்களுடன் சேர்ந்து எழுந்தன. 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் விமானத்தின் இறக்கைப் பகுதி ஒன்று இந்து சமுத்திரத்தின் மேற்கேயுள்ள ரீயூனியன் தீவிற் கரையொதுங்கிக் கிடந்தது. 1,20,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள கடலடி ஆராயப்பட்டு, 2017ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் திகதி அத்தேடல் இடைநிறுத்தப்பட்டது. 2018ஆம் ஆண்டில் நிகழ்ந்த மற்றொரு தேடலும் பயன் தரவில்லை. பிந்திய மூன்றாண்டுத் தேடலால், முந்திய சில மணித்தியாலங்களின் இழப்பை ஈடுசெய்ய இயலவில்லை.

அவ்வாண்டின் இறுதியிலேயே, அதே பிராந்தியம் வேறொரு பாடத்தையும் தந்தது. 2014ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆந் திகதி காலை, 162 பேருடன் சுரபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்ற எயர் ஏசியா விமானம் யாவாக் கடலுக்கு மேலே தொடர்பற்றுப் போயிற்று. இந்தோனேசியாவின் தேசியத் தேடல் மீட்பு நிறுவனமாகிய பசார்நாஸ் தலைமை ஏற்றது. சிங்கப்பூரின் விமானம் அன்றைய தினமே தேடலுக்கு எழுந்தது. மலேசியாவும் அவுஸ்திரேலியாவும் விரைவிற் சேர்ந்துகொண்டன. மூன்றாம் நாளே சிதைவுகள் கண்டறியப்பட்டன. 2015ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதியும் மறுநாளும் விமானத்தின் பதிவுக் கருவிகள் இரண்டும் மேலே கொணரப்பட்டன. கடலடியிற் கிடந்த விமானத்தின் உடற்பகுதியைக் கண்டறிந்தது சிங்கப்பூர்க் கடற்படையின் சுவிப்ட் ரெஸ்கியூ என்னும் மீட்புக் கப்பல்.

எவரும் உயிர்தப்பவில்லை, ஆகவே இதனை வெற்றி என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும், மாண்டோரிற் பலரின் உடல்கள் அவரவர் குடும்பத்தாரிடம் சேர்ந்தன. விபத்தின் காரணமும் ஆராய்ந்து அறியப்பட்டது. ஆழமற்ற கடலும், விமானம் வழிமாறிச் செல்லாமையும் இத்தேடலை எளிதாக்கின என்பது மெய்யே. அதனோடு, தலைமை யாருடையது என்பதில் ஐயம் இருக்கவில்லை. அயலவர் அத்தலைமையின் கீழ் வந்து உதவினர். ஒரு காலத்தில் ஆயுதமேந்தி மோதிய நாடுகள், 1972ஆம் ஆண்டில் திறந்துவைத்த வழியால் ஒருவர் கடலுக்கு மற்றவர் வந்தனர்.

எம்எச் 370 மறைவின் பின்னர் சர்வதேச விதிகளும் இறுக்கமாயின. பெருங்கடலின் மேற் பறக்கும் பெரிய பிரயாணி விமானங்கள் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாம் இருக்கும் இடம் அறியப்படும் வண்ணம் கண்காணிக்கப்படவேண்டும் என்ற விதி 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நடைமுறைக்கு வந்தது. ஆனால், கருவி இடத்தைக் காட்டும். எழுந்து செல்லுமாறு மனிதரை ஏவ அதனால் இயலாது. அயல்நாட்டு நிலையத்தின் தொலைபேசி இலக்கம் மாறியிருந்தால் அதனை அறிந்து வைத்திருப்பதும், ஆண்டுதோறும் கூட்டு ஒத்திகை நடத்துவதும், இரு நாட்டுக் கட்டுப்பாட்டாளரும் ஒருவரையொருவர் அறிந்திருப்பதும், இராணுவம் கண்டதைச் சிவில் அதிகாரி உடனே அறிவதும் மனிதர் செய்யவேண்டிய காரியங்கள். இவை பத்திரிகையிற் பெரிய எழுத்தில் வெளிவருவன அல்ல. வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது பழமொழி. அணை கோலுபவனை வெள்ளம் வாராத நாட்களில் எவரும் நினைப்பதில்லை.

இலங்கை போன்ற ஒரு சிறு நாட்டுக்கு இக்காரியம் மிகவும் இன்றியமையாதது. அதன் பொறுப்பிலுள்ள வானமோ பெரிது. அதனிடமுள்ள விமானங்களும் கப்பல்களுமோ சில. வளைகுடா நாடுகளில் உழைக்கச் செல்லும் தொழிலாளரும், மக்காவுக்கும் காசிக்கும் லூர்துக்கும் செல்லும் யாத்திரிகரும், பிறநாடுகளிற் குடியேறிய உறவினரைக் காணச் செல்லும் முதியோரும் நாள்தோறும் பல நாடுகளின் வானங்களைக் கடந்து செல்கின்றனர். ஜன்னலுக்கு வெளியே அவர்களுக்கு எல்லைக்கோடு எதுவும் தெரிவதில்லை. ஆயினும், ஒவ்வொரு கோட்டைக் கடக்கும்போதும் ஒரு நாட்டின் கையிலிருந்து மற்றொரு நாட்டின் கைக்கு அவர்கள் ஒப்படைக்கப்படுகின்றனர். ஒப்படைப்பவர், பெற்றுக்கொண்டேன் என்று மற்றவர் கூறும் வரை கையை விடலாகாது; பெறுபவர், வரவேண்டியது வரவில்லையெனின் கேளாதிருக்கலாகாது.